ஓலேயின் பிள்ளைகள்

சிஞ்ஞோரா றொசாலியாவின் தம்பி மகன் றுஜ்ஜேரோ நல்ல செய்தி கொண்டு வருகிற நாட்களில் படியேறும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வருவார். இன்றைக்கு அவர் சத்தமில்லாமல் வந்தார். மேலங்கியைக் கழற்றி, மடித்து, நாற்காலியின் முதுகில் போட்டு, அதை இரண்டு தரம் நீவிவிட்டு, அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். சிஞ்ஞோராவுக்கு எண்பத்தாறு வயது. மனிதர்களை வாசிக்கக் கண்ணாடி தேவைப்படாதவர். மருமகனின் முகத்தைப் பார்த்த கணமே கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டார்.

"நோர்வேயிலிருந்து பதில் வந்துவிட்டது, இல்லையா?" என்றார்.

குசினி வாசலில் நின்ற அகஸ்ரீனா அடுப்பைத் தணித்தாள். பலேர்மோ நகரத்தில், வியா மக்வேதாத் தெருவின் இந்த நாலாம் மாடி வீட்டில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறாள். அதில் கடைசி நாலு வருடமும் இந்தத் தேடலிலும் சேர்ந்தே இருந்திருக்கிறாள். சிஞ்ஞோரா சொல்லச் சொல்லக் கடித உறைகளில் முகவரி எழுதினாள். பழைய ஞானஸ்நானப் பத்திரங்களை அலுமாரியிலிருந்து இறக்கித் தூசு தட்டினாள். நோர்வேயில் இருக்கிற தன் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்து, அங்கே ஓல்சன் என்று யாரையாவது தெரியுமா என்றுகூடக் கேட்டாள். மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். அங்கே ஓல்சன் இல்லாத தெரு இல்லையாம்.

சிஞ்ஞோரா தேடியது தன் அப்பாவின் அப்பாவை. லார்ஸ் ஓல்சன் என்று பெயர். நோர்வேயின் வடகரையிலிருந்து காய்ந்த மீன் ஏற்றி வந்த கப்பலில் பத்தொன்பது வயதில் பலேர்மோத் துறைமுகத்தில் இறங்கியவர், திரும்பக் கப்பலேறவில்லை. மீன் மூட்டை சுமந்து, பிறகு மீன் கடை போட்டு, இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி, ஆறு பிள்ளைகளைப் பெற்று இங்கேயே மண்ணானார். அவர் விட்டுப்போனது கடை அல்ல, பெயர்தான் என்று சிஞ்ஞோரா சொல்வார். கடை போரில் குண்டு விழுந்து அழிந்தது. பெயர் நின்றது. பள்ளிக்கூடத்தில் வரவு கூப்பிடுகிறபோது வகுப்பே திரும்பிப் பார்க்கிற பெயர். நோட்டரியான றுஜ்ஜேரோவின் அலுவலக வாசலில் பித்தளைத் தகட்டில் மின்னுகிற பெயர்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு கோவில் முற்றத்தில் அகஸ்ரீனா இதைச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற சிநேகிதி விமலராணி, "அவ ஏற்கெனவே வெள்ளைதானே, இன்னும் எவ்வளவு வெள்ளையாக வேணுமாம்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அகஸ்ரீனாவும் சிரித்தாள். ஆனால் தன் சிஞ்ஞோராவைப் பற்றிச் சிரித்தது வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

மின்னஞ்சலில் பதில் எழுதியவர் நோர்வேயில் ஒரு சிறிய கடற்கரைக் கோவிற்பங்கின் ஊர்வரலாற்றுப் புத்தகத்தைத் தொகுக்கிற பெண்மணி. அங்கே ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு பக்கம் உண்டாம். அந்தப் பண்ணையில் பிறந்தவர்கள், இருந்தவர்கள், கடல் கடந்து போனவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வரி. ஒரு பண்ணையின் பக்கத்தில், 1868இல் பிறந்த லார்ஸ் என்பவனுக்கு நேரே, 'கடலுக்குப் போனான், பிறகு செய்தி இல்லை' என்று இருக்கிறது. இவர்தான் உங்கள் பாட்டன் என்று நினைக்கிறேன், 1875ஆம் வருடத்துக் குடிசனக் கணக்கின் பக்கத்தை இத்துடன் அனுப்புகிறேன், நாளை வெள்ளிக்கிழமையோடு புத்தகம் அச்சுக்குப் போகிறது, உறுதிப்படுத்தினால் வரியை மாற்றி எழுதுவேன் என்று அந்தப் பெண்மணி கேட்டிருந்தார்.

"பிறகென்ன?" என்று சிஞ்ஞோரா நிமிர்ந்தார்.

றுஜ்ஜேரோ அந்தப் பக்கத்தின் பிரதியை மேசையில் வைத்து, நோட்டரிகளுக்கே உரிய விதமாக ஒரு பேனையின் மூடியால் வரி வரியாகத் தொட்டுக் காட்டினார். வீட்டுக்காரன் ஓலே பேடர்சன். மனைவி என்று சொல்லப்படுகிறவள் மாரித் லார்ஸ்தாத்தர். பையன்கள் இரண்டு பேர், பேடர் ஓல்சன், லார்ஸ் ஓல்சன். ஒரு பெண் பிள்ளை, காரி ஓல்ஸ்தாத்தர்.

"ஒரு கூரைக்குக் கீழே நாலு குடும்பப் பெயர். இது குடும்பமில்லை அத்தை, சத்திரம்" என்றார். தகப்பனென்று எழுதப்பட்டவனுக்கு ஒரு பெயர், பிள்ளைகளுக்கு வேறொரு பெயர். இப்படி ஒரு பத்திரம் தன்னுடைய மேசைக்கு வந்தால் தான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றார். ஒன்று, இந்த லார்ஸ் எங்கோ கிடந்து எடுத்து வளர்த்த அநாதைப் பிள்ளை. இல்லையென்றால் அந்தப் பெண் வேறு யாருக்கோ பெற்றது. இரண்டில் எதுவானாலும் அதை ஒரு புத்தகத்தில் அச்சடித்துக் கொடுக்க வேண்டிய அவசியம் தங்களுக்கு இல்லை. 'இவர் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல' என்று ஒரு பதிலைத் தட்டச்சு செய்தே கொண்டு வந்திருந்தார். விசாரித்தது சிஞ்ஞோரா என்பதால் கையெழுத்து மட்டும் அவருடையதாக இருக்க வேண்டும்.

சிஞ்ஞோரா அந்தத் தாளைக் கையில் எடுத்தார். பிறகு, "எடுத்து வளர்த்த பிள்ளை" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். "அப்போது நாங்கள் யாருடைய ஆட்கள், றுஜ்ஜேரோ?"

றுஜ்ஜேரோ பேனையை அவர் பக்கம் நீட்டினார். சிஞ்ஞோரா கோப்பி கேட்டார். கோப்பி குடிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

கோப்பையை வைக்கக் குனிந்தபோதுதான் அகஸ்ரீனா அந்தப் பக்கத்தை நேராகப் பார்த்தாள். யாரோ கட்டைப் பேனையால் சரித்துச் சரித்து எழுதியிருந்தார்கள். மொழி தெரியாது. ஆனால் பெயர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்ற விதம் அவளுக்குத் தெரிந்ததாக இருந்தது. தன் வீட்டு வாசல் மணிப் பலகையைப் பார்த்தது போலிருந்தது.

சீசா என்கிற பகுதியில் அவர்கள் இருக்கிற மாடிவீட்டின் வாசலில் ஒரே பொத்தானுக்கு நேரே மூன்று பெயர்கள் ஒட்டியிருக்கும். தபால்காரருக்காக ஒட்டியது. விமலராஜ் என்பது கணவன் டெனிஸ்டனுடைய கடதாசிகளில் குடும்பப் பெயராக ஏறியது. அது அவனுடைய அப்பாவின் பெயர். டெனிஸ்டன் என்பது மகள் கிளறாவுக்குக் குடும்பப் பெயர். அருளையா என்பது அகஸ்ரீனாவுக்கு. குடிவந்த புதிதில் கட்டடக் காவல்காரப் பெண்மணி மேலே வந்து, இந்த இரண்டு அறைக்குள் எத்தனை குடும்பம் இருக்கிறீர்கள் என்று கதவிடுக்கால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கிளறாவைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறப் போனால், இது உன் பிள்ளைதானா என்று கேட்காத அதிகாரி இல்லை.

சர்க்கரை எடுக்கிற சாக்கில் குசினிக்குப் போய் அவள் டெனிஸ்டனுக்குத் தொலைபேசி எடுத்தாள். மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் அவன் அந்த நேரம் மீன் வெட்டிக்கொண்டிருப்பான். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"உமக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை?" என்றான். "அந்தாள் நொத்தாரிசு. நீர் போய் அவருக்குச் சட்டம் படிப்பிக்கப் போறீரோ?"

"படிப்பிக்கேல்லை. அவர் பிழையா விளங்கி வைச்சிருக்கிறார்."

"விளங்கட்டுமன். அந்த மனுசன் செத்து எத்தினை வரியம்?"

"எண்பத்து மூண்டு."

"அதுவும் பாடமாக்கி வைச்சிருக்கிறீர்" என்று சிரித்தவன், உடனே குரலைத் தணித்தான். "இஞ்சேரும், எங்கட கடதாசியளை மட்டும் அங்கை காட்டாதையும். பிறகு எங்களையும் சத்திரம் எண்டுவினம்."

தொலைபேசியை வைத்துவிட்டுச் சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்தாள். டெனிஸ்டன் சொன்னது பயத்தில் அல்ல, அனுபவத்தில். அவளுக்குள் இருந்த தடை அதுவுமல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் சிஞ்ஞோரா அவளுடைய பத்திரங்களைப் பார்த்துவிட்டு, அவளுக்கும் மகளுக்கும் ஏன் வேறு வேறு குடும்பப் பெயர் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் அதற்கு, அருளையா என்பது எங்கள் நாட்டுப் பதிவுக் கந்தோரில் எழுதியவர் விட்ட பிழை என்றாள். அந்தப் பதில் வாய்க்கு இலகுவாக இருந்தது. கேட்டவர்கள் பாவம் என்று தலையாட்டினார்கள், மேலே கேட்கவில்லை. பிறகு காவல்காரப் பெண்மணியிடமும் அதையே சொன்னாள். கிளறாவின் வகுப்பாசிரியையிடமும் சொன்னாள்.

அருளையா அவளுடைய அப்பா. சொந்த ஊரான பேசாலையில் தனக்கென்று ஒரு வள்ளம் வைத்திருந்தவர். கடலில் ஆள் தவறினால் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் முதலில் வள்ளத்தை இறக்குகிறவர். ஒன்பது வருடமாக அவரை ஒரு கிளாக்கரின் பிழை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்பது, கையில் சர்க்கரைக் கிண்ணத்தோடு நின்ற அந்த நிமிடத்தில்தான் அவளுக்கு முழுதாக உறைத்தது. வெளியே, பேனைக்கு மூடி கழற்றும் சத்தம் கேட்டது.

அன்று பின்னேரம் வதிவிட அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கிற விஷயமாகப் போக வேண்டியிருந்ததால் மூன்று பேருடைய அட்டைகளும் அவளுடைய கைப்பையில் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு போய் நோர்வேப் பக்கத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்தாள். கேட்காமல் நாற்காலி இழுத்து உட்கார்ந்தாள். அந்த மேசையில் இதுவரை அவள் உட்கார்ந்ததில்லை.

"இது என் கணவர். இது என் மகள். இது நான்" என்றாள். "எங்கள் வீட்டிலும் ஆளுக்கொரு குடும்பப் பெயர். நாங்கள் சத்திரமில்லை, நோட்டரி ஐயா."

றுஜ்ஜேரோ கோபப்படவில்லை. பொறுமையாகச் சிரித்து, அவளுடைய பெயரை இத்தாலியர் வாயில் வருகிற மாதிரிச் சொன்னார். "அகொஸ்தீனா, இது நோர்வே. சிறிலங்கா இல்லை."

தெரியும் என்றாள். ஆனால் எங்களில் பிள்ளைக்குக் கூடவே வருவது குடும்பத்தின் பெயரல்ல, அப்பாவின் பெயர். ஒவ்வொரு தலைமுறைக்கும் அது மாறும். மாறினால்தான் சரி. மாறாவிட்டால்தான் ஏதோ பிழை. மனைவி புருசனுடைய அப்பாவின் பிள்ளையல்ல, அவளுக்கு அவளுடைய அப்பா. அவள் விரலை அந்தப் பக்கத்தில் வைத்தாள். இந்த வீட்டுக்காரர் ஓலே. பிள்ளைகள் மூன்று பேரிலும் அந்த ஓலே இருக்கிறார், பெண் பிள்ளையிலும் இருக்கிறார். தாய்க்காரி லார்ஸ் என்ற ஒருவரின் மகளாக இருக்க வேண்டும். இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பனுடைய பெயரை வைத்திருக்கிறார்கள். மூத்தவன் பேடர். அது ஓலேயின் அப்பாவின் பெயராக இருக்கும், ஓலேக்குப் பின்னால் பேடர் நிற்கிறாரே, பாருங்கள்.

"எடுத்து வளர்த்த பிள்ளைக்கு ஒரு தாய் தன் சொந்த அப்பாவின் பெயரை வைப்பாளா, தகப்பன் தன்னுடைய பெயரையும் சேர்த்துக் கொடுப்பானா?" என்று கேட்டாள்.

நோட்டரி பேனையின் மூடியால் மறுபடியும் வரி வரியாகத் தொட்டார். இந்தத் தடவை கீழிருந்து மேலே போனார். மேலே போய்ச் சேர்ந்தபோது அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன. தொலைபேசியை எடுத்து நோர்வேப் பெண்மணிக்கு இரண்டு வரி எழுதினார்.

கோப்பைகள் கழுவி முடியுமுன் பதில் வந்துவிட்டது. மன்னிக்க வேண்டும், இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் என்பதால் விளக்க வேண்டுமென்று தோன்றவில்லை என்று அந்தப் பெண்மணி எழுதியிருந்தார். சன் என்றால் மகன், தாத்தர் என்றால் மகள். லார்ஸ், ஓலேயின் மகன். ஓலே, பேடரின் மகன். பேடர், ஆன்டர்ஸின் மகன். அப்படியே ஆறு தலைமுறை, எல்லோரும் அதே பண்ணையில், அதே கரையில் மீன் காயவைத்தவர்கள். ஓல்சன் என்று ஒரு குடும்பம் அங்கே ஒருபோதும் இருந்ததில்லை. அதனால்தான் அத்தனை வருடத் தேடலும் வீணாகியிருக்கிறது. ஓலே என்ற ஒரு மனிதர் இருந்தார், அவ்வளவுதான். பலேர்மோக் கந்தோர்தான் அந்த மகனின் அடையாளத்தைப் பிடித்து, அசையாமல் ஆணியடித்து, குடும்பப் பெயராக்கியிருக்கிறது.

சிஞ்ஞோரா அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஆறு பேரையும் விரல் மடித்து எண்ணினார். தட்டச்சு செய்து வைத்திருந்த பதிலை வாங்கி, நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்குக் கீழே வைக்கச் சொன்னார். பிறகு அகஸ்ரீனாவின் பக்கம் திரும்பினார்.

"கந்தோரில் விட்ட பிழை என்றாயே."

"பொய் சொன்னேன், சிஞ்ஞோரா. வெட்கமாக இருந்தது."

சிஞ்ஞோரா அட்டைகளை ஒன்றாக அடுக்கி அவளிடம் நீட்டினார். "நானும் கையெழுத்துப் போடத்தான் இருந்தேன்" என்றார்.

புதிய பதிலைச் சிஞ்ஞோரா சொல்லச் சொல்ல றுஜ்ஜேரோ எழுதினார். லார்ஸ், ஓலேயின் மகன். கடலுக்குப் போனார். பலேர்மோவில் இறங்கினார். திருமணம் செய்தார். பிள்ளைகள் ஆறு பேர், இன்று உயிரோடு இருக்கும் வழித்தோன்றல்கள் முப்பத்தொரு பேர். செய்தி உண்டு என்று கடைசியில் சேர்க்கச் சொன்னார் சிஞ்ஞோரா. அப்படி எழுதுகிற முறை இருக்காது என்று றுஜ்ஜேரோ இழுத்தார். எழுது என்றார்.

அனுப்பப் போகிற நேரத்தில் இன்னொரு விஷயம் இருந்தது. புத்தகத்தின் பின்பக்கத்தில் தகவல் தந்து உதவியவர்களின் பெயர்களும் வருமாம், உங்கள் பெயரை எப்படி எழுதட்டும் என்று அந்தப் பெண்மணி கேட்டிருந்தார். றுஜ்ஜேரோ தன் பெயரை எழுதத் தொடங்கினார். சிஞ்ஞோரா அவருடைய மணிக்கட்டில் கையை வைத்தார். முகவாயால் அகஸ்ரீனாவைக் காட்டினார்.

"சொல்லு" என்றார்.

இத்தாலியில் பெயரைச் சொல்வதென்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் அதில் தொடங்குகிற ஒரு ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும். எத்தனையோ கந்தோர்க் கண்ணாடிச் சாளரங்களுக்கு முன்னால், பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்காதபடி, கடகடவென்று அகஸ்ரீனா அதை ஒப்பித்திருக்கிறாள். இப்போது அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். நோட்டரியின் விரல்களைத் தன் சொல்லுக்காகக் காத்திருக்க விட்டாள்.

"அங்கோனா" என்று தொடங்கினாள். "றோமா. ஊதினே. லிவோர்னோ." ஒவ்வொரு ஊரிலும் நின்று, அவர் எழுதி முடிக்கும்வரை பார்த்து, அடுத்த ஊருக்குப் போனாள். மறுபடியும் அங்கோனா. இமோலா. இன்னுமொரு அங்கோனா. கடைசி எழுத்துக்கு இத்தாலியில் ஊர் இல்லை. ஹொட்டேல் என்றுதான் சொல்ல வேண்டும். அதையும் சொன்னாள்.

"அருளையா. அது என் அப்பா" என்றாள். "இனி என் பெயரை எழுதுங்கள்."