மஞ்சளாகிப் போன குடுவை

ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் அந்தப் பாக்டீரியாவைப் பற்றி அக்கா ஒருநாளும் மரியாதையாகப் பேசியதில்லை. மாமனார் வீட்டோடு தங்கிவிட்ட மாப்பிள்ளை என்றுதான் சொல்வாள். சும்மா சொல்லவில்லை, அதன் மரபணுக்களைப் பட்டியல் போட்டுப் படித்துப் பார்த்தவள் அவள். அதற்குக் கொழுப்பு செய்யத் தெரியாது, வைட்டமின் செய்யத் தெரியாது, புரதத்துக்கு வேண்டிய சாமான்களில் பாதிகூடச் செய்யத் தெரியாது. செய்யும் மரபணுக்களை எந்தக் காலத்திலோ தொலைத்துவிட்டு, வாங்கிப் போட்டுக்கொள்ளும் மரபணுக்களை மட்டும் பத்திரமாக வைத்திருந்தது. மரத்துக்குள் இருந்தால் மரம் ஊட்டும். மரத்திலிருந்து மரத்துக்குச் சுமந்துபோகும் தத்துப்பூச்சிக்குள் இருந்தால் பூச்சி ஊட்டும்.

அவள் ஊட்டினால் மட்டும் சாப்பிடாது. ஐந்து வருடமாக, அதற்கு என்னென்ன செய்யத் தெரியாதோ அத்தனையையும் கலந்து ஊட்டச்சாறு காய்ச்சிக் குடுவை குடுவையாக வைத்துப் பார்த்துவிட்டாள். குடுவையில் வளர்ந்தால்தான் எந்த மருந்து அதை அடக்கும் என்று சோதிக்க முடியும். வளரவில்லை.

தம்பியின் ஆரஞ்சுத் தோட்டத்தில் இருநூறு மரங்களை அது தின்று தீர்த்திருந்தது. ஒரே ஒரு நோயாளி மரத்தை மட்டும் அவன் அக்காவுக்காக வெட்டாமல், பூச்சி நுழையாத வலை போர்த்தி வைத்திருந்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதன் குச்சிகளை இரட்டைப் பையில் கட்டி ஆய்வகத்துக்குக் கொண்டுவருவான். புதன்கிழமை காலையும் வந்தான்.

"சனிக்கிழமை வெட்டிடறேன்க்கா. காத்துல வலை கிழிஞ்சிருச்சு. தைச்சுப் பாத்தேன், நிக்கல. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க பயப்படுறதும் நியாயந்தான."

அந்த மரம் போனால் பாக்டீரியாவும் போய்விடும், ஐந்து வருட உழைப்பும் அதோடு போய்விடும். இருந்தாலும் இன்னும் ஒரு மாதம் பொறு என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. தன் தோட்டம் போன வயிற்றெரிச்சலில் அடுத்தவன் தோட்டத்தையும் கெடுக்கப் பார்க்கிறான் என்று அவனை முகத்துக்கு நேராகவே பேசியிருக்கிறார்கள். அவன் ஒருநாளும் அதை வந்து சொன்னதில்லை. வேறொருவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

"சரிடா" என்றாள். வேலையைப் பார்ப்பவள்போல, குடுவைகளை வைத்திருந்த வெதுவெதுப்புப் பெட்டியைத் திறந்தாள். சிவப்பாக இருக்க வேண்டிய ஒரு குடுவை மஞ்சளாகியிருந்தது. அதை எடுத்துக் குப்பைத்தொட்டிப் பக்கம் போனாள்.

"அது என்னக்கா?"

"புளிச்சுப் போச்சு. சாறுல சாயம் கலந்திருக்கேன், புளிச்சா மஞ்சளாகும். வெளியில இருந்து ஏதோ பூந்திருக்கு."

"வெளி ஆளுதான்னு எப்படித் தெரியும்?"

"நம்மாளுக்குச் சர்க்கரையைப் புளிப்பாக்கவே தெரியாதுடா. அதுக்கான மரபணு அதுகிட்ட இல்ல. அந்த அலமாரிக் கதவுல பட்டியல் ஒட்டியிருக்கு, பாரு."

தம்பி பட்டியலைப் படிக்கவில்லை. அதன் அடிமூலையைப் பார்த்தான். மோட்டார் அறைக் கதவில் மருந்தடிக்கும் அட்டவணை ஒட்டி வைப்பவனுக்கு முதலில் தேதிதான் கண்ணில் படும். போன வருட அட்டவணையை நம்பி ஒருமுறை இலையெல்லாம் கருக்கியவன் அவன்.

"இது நாலு வருஷத்துப் பழசாச்சேக்கா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றது. முதல் முறை படித்தபோது மரபணு வரிசையில் சில இடங்கள் ஓட்டையாக விடுபட்டிருந்தன. அந்த ஓட்டைகளை அடைத்த புது வரிசை போன மாதமே வந்துவிட்டது. திறந்தாள், பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்று மூடினாள், அவ்வளவுதான். பட்டியலைத் திருத்தவே இல்லை. இப்போது கணினியில் தேடினாள். அடைபட்ட ஓர் ஓட்டைக்குள், சர்க்கரையைப் புளிப்பாக்கும் மரபணு உட்கார்ந்திருந்தது.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இதுவரை எத்தனை மஞ்சள் குடுவைகளைக் கொட்டியிருப்பாள் என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"என்னக்கா?"

"மாப்பிள்ளை எத்தனை தடவை வாசல்ல வந்து நின்னாரோ தெரியல. நான் திருடன்னு விரட்டி விட்டிருக்கேன்."

அந்தக் குடுவையிலிருந்து ஒரு துளி எடுத்து, உள்ளே இருப்பது யாருடைய மரபணு என்று காட்டும் பிசிஆர் சோதனை போட்டாள். முடிவு வரும்வரை தம்பி கிளம்பவில்லை, இருவரும் சாப்பிடவும் இல்லை. மத்தியானம் முடிவு வந்தது. அதுவேதான். விட்டுவைத்தால் தன் புளிப்பிலேயே செத்துவிடும் என்பதால், பதறிப்போய் அதைப் புதுச் சாறுள்ள இரண்டு குடுவைகளுக்கு மாற்றினாள். வியாழன் முழுவதும் சிவப்பாகவே இருந்தன. வெள்ளியும் அப்படியே போனது. சனிக்கிழமை காலை இரண்டும் மஞ்சளாயின.

அன்று பிற்பகல் தம்பி வந்தபோது அவன் சட்டையில் புகை வாசம் அடித்தது. மரத்தை வெட்டி எரித்துவிட்டு நேராக வந்திருந்தான். அக்கா குடுவையைத் தூக்கிக் காட்டினாள். எங்கிருந்து கிடைத்ததோ அந்தப் பெயரை வைப்பது அவர்கள் வேலையில் வழக்கம். அதில் ஒட்டிய சீட்டில் 'சுண்டு-1' என்று எழுதியிருந்தாள். சுண்டு என்பது வீட்டில் அவனைக் கூப்பிடும் பெயர்.

"என் தோட்டத்தைத் தின்னவனுக்கு என் பேரா?"

"நீ பேச்சு வாங்கிக்கிட்டு அந்த மரத்தை வச்சிருந்தியே, அதனாலதான்டா இது இருக்கு. அன்னைக்கு நீ தேதியப் பாக்கலைன்னா இதுவும் குப்பைக்குப் போயிருக்கும்." அக்கா தம்பிக்குள் நன்றி சொல்லிக்கொள்ளும் வீடு இல்லை அது. ஆனாலும் சொன்னாள்: "ரொம்ப நன்றிடா."

அவன் கூச்சத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தேதி போடலையேக்கா" என்றான்.

அவள் பேனாவை எடுத்து, மரம் விழுந்த நாளின் தேதியைச் சீட்டின் அடிமூலையில் எழுதினாள்.