நிஸ்மியாவின் பின்னால் வந்த கடல்

நிஸ்மியா எந்த ஊரில் குடியிருந்தாலும் கடல் நாளுக்கு ஒரு முழம் அவளை நோக்கி வந்தது. ஊர் முழுவதையும் நோக்கி அல்ல. அப்படி வந்திருந்தால் அரசாங்கம் கல்லணை போட்டிருக்கும், பேப்பரில் படம் வந்திருக்கும். ஒரு பாய் அகலத்துக்கு, அவளுடைய வாசலைக் குறி வைத்து, நேராக வந்தது. பக்கத்து வளவுக்காரர்கள் தங்கள் வேலி நனையவில்லை என்று பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். அவளும் கணவன் நௌஷாட்டும் முதலில் வாடகைக்கு இருந்தது காத்தான்குடிக் கடற்கரைப் பக்கம். மகள் றிஸ்னா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் கடல் அந்த வீட்டின் வாசற்படியை எட்டியது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். கடலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மகளுக்குக் கலியாணம் பேசுவதாகவும் வீடு தேவைப்படுவதாகவும் மட்டும் சொன்னார்.

அந்தக் கரையில் அது எதிர்த்துப் பேச முடியாத காரணம். அங்கே பெண் பிள்ளை பிறந்தால் தகப்பன் தொட்டில் வாங்குகிறானோ இல்லையோ, கல்லும் சீமெந்தும் வாங்கத் தொடங்கிவிடுவான். வீடு பெண்ணுக்கு, கலியாணத்தன்று மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு அவள் வீட்டுக்கு வர வேண்டும். வாப்பா இல்லாத நிஸ்மியாவுக்கும் உம்மா அப்படி ஒரு வீடு வைத்திருந்தாள். சுனாமி அன்று அவள் ஏறாவூரில் உம்மாவின் தங்கை, சாச்சி வீட்டில் நின்றாள். கடல் வந்து வீட்டையும் அதற்குள் இருந்த உம்மாவையும் கொண்டுபோனது, அத்திவாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு நௌஷாட் பெண் கேட்டு வந்தபோது, சாச்சி வீடு இல்லாததைச் சொல்லிக் கலங்கினாள். "எனக்கு ஊடும் வேணாம், ஒண்டும் வேணாம் சாச்சி, புள்ளயத் தாங்க" என்றான் அவன். சீதனம் வாங்காத மனிதன் என்று பெயர் எடுத்தான். அந்தப் பெயர் அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. தேநீர்க் கடையில் யாராவது அதைச் சொல்ல மறந்தால் அவனே ஞாபகப்படுத்துவான்.

வாசற்படியை எட்டிய பிறகு கடல் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு காலையில் படியில் பாசி பிடித்த கூரை ஓடு ஒன்று கிடந்தது. மறுநாள் இன்னொன்று. பிறகு கறள் பிடித்த கதவுப் பிணைச்சல் ஒரு சோடி. நௌஷாட் சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிறவன் என்பதால் எல்லாம் அவன் கண்ணில்தான் முதலில் பட்டன. நிஸ்மியா எழும்புவதற்குள் சாக்கில் கட்டி, மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய், கல்லடிப் பாலத்தில் இருந்து வாவிக்குள் போட்டுவிடுவான். செத்தவர்களின் சாமான் வீட்டுக்குள் வரக்கூடாது என்று பயந்தான். மனைவி பார்த்தால் உடைந்துபோவாள் என்றும் நினைத்தான். இரண்டுமே உண்மையான காரணங்கள், ஆனாலும் அவளிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

கடலுக்குப் பயந்து, கரையில் இருந்து உள்ளே தள்ளி, வந்தாறுமூலைக்குக் குடிபோனார்கள். நௌஷாட் படகு எஞ்சின் திருத்துகிறவன். பல்கலைக்கழகப் பிள்ளைகள் நிறைந்த அந்த ஊரில் படகு ஏது? தண்ணீர் இறைக்கும் மெசினைக் கழற்றிப் பூட்டிக் காலம் தள்ளினான். இல்ஹாம் அங்கேதான் பிறந்தான். கடல் அவ்வளவு தூரம் தரைவழியே வர முடியாமல் நிலத்துக்கு அடியால் வந்தது. முதலில் கிணற்றுத் தண்ணீர் உவர்த்தது. பிறகு வாளியில் நண்டு ஏறியது. பக்கத்து அறை மாணவர்கள் கிணற்றில் சூடை மீன் பிடித்து, பொரிப்பதற்கு எண்ணெய் கேட்டு வந்தார்கள். சிரிப்பாகத்தான் இருந்தது, தண்ணீர் நாளுக்கு ஒரு முழம் உயரத் தொடங்கும் வரை. இல்ஹாம் அப்போதுதான் தவழப் பழகியிருந்தான். எங்கே இறக்கிவிட்டாலும் கிணற்றடிக்கே போனான். நௌஷாட்டின் நித்திரை போனது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் வீட்டை விடும்படி வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

இனி எங்கே போனாலும் கடல் வரும் என்பது தெரிந்துவிட்டது. அப்படியானால் தொழிலாவது இருக்கும் கடற்கரை ஊருக்கே போகலாம் என்று நௌஷாட் முடிவு செய்தான். வடக்கே வாழைச்சேனை, தெற்கே களுவாஞ்சிக்குடி. ஆண்பிள்ளை பார்க்கிற வேலை என்று தனியாகவே கிளம்பினான். வாழைச்சேனைத் துறைமுகத்தில் விடிந்ததில் இருந்து எஞ்சின் சத்தம். ஒரு நாளிலேயே மூன்று பேர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்து ஓட்டமாவடியில் சொந்தக்காரர்களும் உண்டு. பழைய கடதாசி ஆலை மதிலுக்குப் பின்னால், கடலுக்கு எட்டாத தூரத்தில் ஒரு வீடு காலியாக இருந்தது. களுவாஞ்சிக்குடியில் நல்ல பள்ளிக்கூடம், நல்ல சந்தை, தென்னை நிழல் எல்லாம் இருந்தன, ஆனால் பள்ளிவாசலுக்குத் தூரம், நம்மவர் என்று சொல்ல ஆள் குறைவு. அங்கே கிடைத்ததோ சுகந்தினி என்ற விதவையின் வெறும் தென்னை வளவு. அலை தெறிக்கும் தூரத்தில், ஒரு ஓலைக் கொட்டிலோடு கிடந்தது. கடலுக்குப் பயந்து ஓடுகிறவனுக்குக் கடலின் மடியிலேயே பாய் விரிப்பதா என்று நௌஷாட் சிரித்துவிட்டான். இரண்டு ஊரிலும் அவன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இங்கிருந்து கடல் எவ்வளவு தூரம்? வாழைச்சேனை வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். அவன் வந்து சேர்ந்தபோது வந்தாறுமூலைக் கிணற்றில் கதவு புறப்பட்டிருந்தது. தண்ணீர் கட்டு விளிம்பு மட்டும் நிறைந்து நின்றது, அதன் மேல் நீலக் கதவு ஒன்று மிதந்தது. நிஸ்மியா ஒரு கையால் இல்ஹாமை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, மற்றக் கையால் கதவைப் பிடித்திருந்தாள். படகுக்குப் பூசி மிஞ்சிய நீலம். உட்பக்கத்தில் உம்மா பர்தா மாட்டுகிற கொழுக்கி.

"இது எங்கட ஊட்டுக் கதவு," என்றாள்.

நௌஷாட் ஓடுகளையும் பிணைச்சல்களையும் பாலத்தையும் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான். பிறகு, பழக்க தோஷத்தில், தான் சீதனம் வேண்டாம் என்று சொன்னவன் என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

"அது ஒங்களுக்குத் தாற சீதனமில்ல. உம்மா எனக்கு வெச்ச ஊடு. வேணாம் எண்டு சொல்ல நீங்க ஆரு?"

பத்து வருடத்தில் யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அவள் அடுத்ததைக் கேட்டாள்: "போய்ப் பாத்த ரெண்டு ஊர்லயும், கடலுக்குக் கிட்ட வெறும் வளவு எங்க இரிக்கி?"

"களுவாஞ்சிக்குடில. ஆனா புள்ள, கைக்குழந்தய வெச்சிக்கிட்டு கடல்ட வாய்க்குள்ள போகச் சொல்றியா?"

"உம்மாட ஊட்டக் கொண்டு வாற கடல், வாடகை ஊட்டுக்கு மேல அத எங்க வெக்கிற? இவ்வளவு காலமும் நாம ஓடினமே, ஒரு நாளாவது அது நம்மள அடிச்சிச்சா?"

வெள்ளிக்கிழமை சின்ன லொறி ஒன்றில், கதவைச் சாமான்களுக்கு மேல் கட்டிக்கொண்டு, தெற்கே போனார்கள். சுகந்தினி வளவைத் திறந்துவிட்டாள். "கடல் வாற இடம் எண்டு முதலே சொல்லிப்போட்டன் தங்கச்சி, மறுகா என்னோட கோவிக்கக் கூடாது" என்றாள். கோபமில்லை என்று நிஸ்மியா சொன்னாள். கொட்டிலில் படுத்தார்கள். கடல் வழக்கம்போல நாளுக்கு ஒரு முழம் வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று பிள்ளை இல்லாதவன் சொல்லலாம். நௌஷாட் ஒவ்வொரு முழத்தையும் எண்ணினான். லொறியைத் திருப்பிக் கொடுக்காமல், முகத்தை வீதிப் பக்கம் வைத்து நிறுத்தியிருந்தான். இல்ஹாமைச் சாரனால் நெஞ்சோடு கட்டிக்கொண்டே தேநீர் குடித்தான். நிஸ்மியா மட்டும் பகல் முழுவதும் வளவைக் கூட்டினாள். வீட்டுக்கு ஆள் வரப்போகிறது போல, தென்னோலையையும் குரும்பையையும் பொறுக்கி ஓரமாகக் குவித்தாள்.

ஒரு நாள் பின்னேரம், அசர் தொழுகை நேரம், கடல் எழும்பி வந்தது. அலை இல்லை, சத்தம் இல்லை. வளவின் அகலத்துக்குப் பச்சையாக உயர்ந்து, தென்னைகளின் பாதி மட்டும் ஒரு சுவர்போல ஏறி நின்றது. நௌஷாட் லொறியை உயிர்ப்பித்துவிட்டு, "றிஸ்னா, ஏறு! நிஸ்மியா!" என்று கத்தினான். மகளின் கையைப் பிடித்தான். அவள் கையை உருவிக்கொண்டு ஓடிப்போய் உம்மாவின் பக்கத்தில் நின்றுவிட்டாள். அந்தச் சுவருக்கு முன்னால் இரண்டு பேருக்கும் முழங்கால் மட்டும் தண்ணீர். நெஞ்சில் ஒரு பிள்ளை, அங்கே இரண்டு பேர். ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அவன் அழுதான். பிறகு லொறியை விட்டு இறங்கி, அழுதபடியே, தண்ணீருக்குள் நடந்தான். அவன் கிட்டப் போவதற்குள் கடல் வற்றத் தொடங்கியது. பாரம் இறக்கி வைத்த கூலிக்காரனைப் போல மெல்லப் பின்வாங்கி, பழைய கரையில் போய் நின்றது. வளவில் வீடு இருந்தது.

சுவர்களில் மட்டி ஒட்டியிருந்தது. ஜன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை. நிஸ்மியா ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தாள். குசினியைக் கடைசியாகப் பார்த்தாள். உம்மா இல்லை. இருக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் வாய்விட்டு அழுதாள். சுகந்தினி வந்து எட்டிப் பார்த்து, கூரை பரவாயில்லை, நிலத்துக்கு மட்டும் புதிதாகச் சீமெந்து பூச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பிணைச்சல்கள் வாவிக்குள் கிடந்தபடியால் நௌஷாட் கதவைப் படகுக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டான். அதைச் செய்து முடித்துவிட்டு வெளியிலேயே நின்றான். உள்ளே போகக் கால் வரவில்லை.

நிஸ்மியா முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து அவனைப் பார்த்தாள். அந்தக் கரையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு முதன்முதலாக வரும்போது பெண்ணின் சகோதரன் வாசலில் கால் கழுவிவிடுவான். நிஸ்மியாவுக்குச் சகோதரன் இல்லை. றிஸ்னா வாளியைத் தூக்கி வந்து வாப்பாவின் காலில் தண்ணீர் ஊற்றினாள். "வாங்க" என்றாள் நிஸ்மியா. கலியாணம் முடித்துப் பத்து வருடம் கழித்து நௌஷாட் மனைவி வீட்டுக்குப் போனான்.

அதன் பிறகு கடல் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. வந்தாறுமூலைக் கிணறு இனித்துவிட்டது. கரண்டு எடுத்தாயிற்று, வயர் இழுக்க வந்தவர்கள் வீடு எப்போது கட்டியது என்று கேட்காமல், யாருடையது என்று மட்டும் கேட்டார்கள். "நிஸ்மியாட ஊடு. நான் கலியாணம் முடிச்சு வந்து இரிக்கன்" என்றான் நௌஷாட். மாரியில் மட்டும் ஒரு தொந்தரவு. அவன் வாவிக்குள் போட்ட ஓடுகளின் இடம் கூரையில் அப்படியே இருக்கிறது, அவன் படுக்கிற பக்கத்துக்கு நேர் மேலே. தகரம் வைத்தான், காற்று கொண்டுபோனது. புது ஓடு வைத்தான், அந்த இடத்தில் எதுவும் பொருந்தவில்லை. நிஸ்மியா மழை பிடித்தால் எழும்பி, ஒரு சட்டியை எடுத்து அவன் பக்கம் வைத்துவிட்டு, திரும்பிப் படுத்துக்கொள்வாள்.