நோரியாகி அனுப்பிய தொலைநோக்கி

பெட்டி வந்து இறங்கிய அன்று மினேகோவுக்குத் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலி. ஊரிலுள்ள பள்ளிகளுக்கெல்லாம் மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பும் கூடத்தில் அவளுக்கு வேலை. துடுப்பு போன்ற கரண்டியால் அண்டா அண்டாவாகக் குழம்பு கிளறியே அறுபது வயதுக்குள் வலது தோள் தேய்ந்துவிட்டது. வேலை முடிந்து, மலைச்சரிவுப் பாதையில் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசல் நடையை அடைத்துக்கொண்டு ஒரு பெட்டி. அவள் இடுப்பு உயரம். அனுப்பியவர் பெயர் இருந்த இடத்தில் தம்பி நோரியாகியின் பெயர்.

பெட்டியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோன அப்பா தோகுஜி, போர்வை போட்ட சூட்டு மேசையை ஒட்டிச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது.

கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, தொலைபேசி அடித்தது.

"அக்கா, வந்துருச்சா?" என்றான் நோரியாகி. தோக்கியோவில் இருக்கிறான். முன்னோரைக் கும்பிடும் ஓபோன் பண்டிகைக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பான். இந்த வருஷம் அதுவும் இல்லை.

"என்னமோ வந்திருக்கு. சவப்பெட்டி கணக்கா கெடக்கு. என்னடா அது?"

"தொலைநோக்கி. அப்பாவுக்கு. சின்ன வயசுல நான் தொலைநோக்கி வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்ல? வாங்கித் தர முடியலியேன்னு அவர் மனசுல ஒரு குறை இருந்திருக்கும். இப்ப நானே வாங்கிக் குடுத்தா சந்தோஷப்படுவாரு. பொழுதன்னைக்கும் டிவியையே பாத்துட்டிருக்காருன்னு நீதானே சொன்ன?"

மினேகோ அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயோரம் மத்தியானக் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. இனி அதைத் துடைத்து, இரவுக் கஞ்சி வைத்து, ஊட்டி, மேலைத் துடைத்துவிட்டு, புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதற்கு மேல் வானத்தையும் காட்ட வேண்டுமாம்.

"சரிடா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பெட்டி நடையிலேயே கிடந்தது. போகும்போது ஒரு இடி, வரும்போது ஒரு இடி. நோரியாகி மட்டும் விடாமல் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். "மாட்டிட்டியா? அப்பா பாத்தாரா?" நாலைந்து தடவை சாக்குச் சொல்லிப் பார்த்தாள். மழை என்றாள், மேகம் என்றாள். கடைசியில் அலுத்துப்போய், "பாத்தாரு, பாத்தாரு. நெலாவைப் பாத்தாரு. நல்லாருக்குன்னாரு" என்று சொல்லிவிட்டாள்.

"நெஜமாவா? குடு, குடு, அவர்கிட்டயே கேக்கறேன்!"

வேறு வழியில்லாமல் தொலைபேசியை அப்பாவின் காதில் வைத்தாள். பக்கவாதத்துக்குப் பின் தோகுஜிக்குப் பேச்சு வருவதே அபூர்வம். ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் கேட்டவர் எழுந்து போய்விடுவார். ஆனால் அன்று, யார் செய்த புண்ணியமோ, தெளிவாக வந்தது.

"ஒண்ணும்... பாக்கல."

மினேகோ தொலைபேசியைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். பிறகு நோரியாகி மெதுவாக, "இருக்கட்டும் அக்கா. முடியலன்னா முடியலன்னு சொல்லிருக்கலாம்ல" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது மினேகோவுக்கு.

அடுத்த விடுமுறை நாளில் பெட்டியைப் பிரித்தாள். வாரத்தில் சில நாள் அப்பாவைக் குளிப்பாட்ட வரும் உதவியாள் ஒகிதா அன்று வந்திருந்தாள். தடித்த, வாய் ஓயாத பெண். குளிப்பாட்டி முடித்த கையோடு, ஈரச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவளும் கூட உட்கார்ந்தாள்.

"தூரத்துல இருக்கறத கிட்டக் கொண்டாற சாமானாமே அக்கா. இதுல தோக்கியோ தெரியுமா? தெரிஞ்சா தம்பியப் பாத்துக்கலாம்."

"வாய மூடிட்டு அந்தத் திருகாணிய எடு."

பலகைகளைச் சேர்த்து ஒரு தொட்டில் மாதிரி செய்து, அதைச் சுழலும் வட்டப் பலகையின் மேல் நிறுத்த வேண்டியிருந்தது. பாதி வேலை முடிந்த பிறகுதான் ஒரு பலகை தலைகீழாக இருப்பது தெரிந்தது. கழற்றி மறுபடி மாட்டினார்கள். தோள் விண்விண் என்று தெறித்தது. தவலை அகலக் குழாயைத் தொட்டிலில் ஏற்றி வைத்ததும் ஒகிதா மேல்மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்து, "அய்யோ!" என்று பின்வாங்கினாள்.

"என்னடி?"

"என் மூக்கு! பூசணிக்காயாட்டம் தெரியுது!"

குழாயின் அடியில் குழிந்த கண்ணாடி ஒன்று இருந்தது. வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, மேலே சாய்த்து வைத்திருந்த சின்னக் கண்ணாடியில் மோதி, பக்கவாட்டுத் துளை வழியாக வெளியே வரும். அந்தத் துளையில்தான் கண்வில்லையைச் செருகிப் பார்க்க வேண்டும். நுனியிலும் பார்க்கக் கூடாது, அடியிலும் பார்க்கக் கூடாது, விலாவில்தான் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்கவே வெகுநேரம் ஆயிற்று.

அன்று பொழுது சாய்ந்ததும் மினேகோ அதைத் தனியாகக் கொல்லைக்கு இழுத்துப்போனாள். பெர்சிமன் பழ மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்க மலைக்கு மேலே நகக்கீறல் போல இளம்பிறை. இத்தனை பெரிதாகக் கண்ணுக்குத் தெரிகிற நிலாதானே என்று குழாயை அதன் பக்கம் திருப்பினாள். உள்ளே கருப்பு. கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது. கருப்புதான். பெரிதாகத் தெரியட்டுமென்று, இருந்த இரண்டு வில்லைகளில் அதிகம் பெருக்கிக் காட்டுவதை மாட்டியிருந்தாள். அது ஊசித்துளை வழியாக ஊரைத் தேடுவது மாதிரி. விரல்கள் விறைத்துப்போயின. உள்ளிருந்து அப்பா கைத்தடியால் தரையைத் தட்டினார். அவருக்கு மூத்திரம் முட்டினால் அப்படித்தான் கூப்பிடுவார். நிலா மலைக்குப் பின்னால் இறங்கியது. மினேகோ குழாயை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். அன்று அடுப்படியில் அரிசி களையும்போது கண்ணீர் வந்தது. துக்கம் என்று எதுவும் இல்லை. நின்றுகொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"குழாய் முதுகுல சின்னதா ஒரு குழாய் ஒட்டியிருக்கே, அது எதுக்குன்னு பாத்தீங்களா?" மறுநாளும் விடுமுறை; மத்தியானம் வந்த ஒகிதா கேட்டாள். அவள் வீட்டில் போய் யாரையோ விசாரித்துவிட்டு வந்திருந்தாள். "முதல்ல அதுல பாத்துதான் குறி வைக்கணுமாம். ரெண்டும் ஒரே எடத்தைப் பாக்குதான்னு பகல்லயே சரிபண்ணி வெச்சுக்கணும். சூரியன் பக்கம் மட்டும் மறந்தும் திருப்பிடாதீங்க, கண்ணு பொசுங்கிடும்னாங்க."

வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, தூரத்து மேட்டிலிருந்த மின்கோபுரத்தைப் பிடித்தார்கள். பெரிய குழாயில் கோபுரம் தலைகீழாகத் தொங்கியது. உச்சியில் ஒரு காக்கை, அதுவும் கால் மேலாக. மினேகோ தன்னை அறியாமல் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கவுந்திருக்குடி. கெட்டுப்போன சாமான அனுப்பிட்டானா?"

"இந்த வகைக் குழாய்ல அப்படித்தான் தெரியுமாம். நெலாவுக்கு ஏது தலை, ஏது கால்?"

பெரிய குழாயின் நடுவில் காக்கையை வைத்துக்கொண்டு, சின்னக் குழாயின் திருகுகளை மாற்றி மாற்றித் திருகி, அதன் குறுக்குக் கோடும் அதே காக்கையின் மேல் விழும்படி செய்தார்கள். நல்லவேளை, காக்கை பொறுமைசாலி.

சாயங்காலம், கஞ்சி அடுப்பில் கொதிக்கும்போதே மினேகோ தொலைநோக்கியை வெளியே வைத்துவிட்டாள். வீட்டுச் சூட்டோடு இருக்கும் கண்ணாடி குளிர்ந்து அடங்கினால்தான் பிம்பம் நடுங்காது என்று ஒகிதா சொல்லியிருந்தாள். அது மட்டும் மினேகோவுக்குச் சொல்லாமலே புரிகிற சங்கதி. ஆவி பறக்கும் அண்டாவுக்கு மேலே எதிர்ச்சுவர் எப்படி நெளியும் என்று தினமும் பார்க்கிறவள்தானே.

கவிழ்த்துப் போட்ட சாராயப்புட்டிக் கூடையின் மேல் தொலைநோக்கி ஏறியது. நிலா உச்சியில் இருந்தால் கண்வைக்கும் துளையும் மேலே போய்விடும், உட்கார்ந்திருப்பவருக்கு எட்டாது. பிறை தாழ இருக்கும்போதே பார்த்தால் உண்டு. அப்பாவுக்கு இரண்டு சட்டை, அதன்மேல் பருத்தி அடைத்த அங்கி, கம்பளித் தொப்பி, மடியில் வெந்நீர்ப் பை. சக்கரம் புல்லில் சிக்கிக்கொண்டது. ஒகிதா வீட்டுக்குப் புறப்பட்டிருந்தவள், செருப்பை மாட்டியபடியே திரும்பி வந்து ஒரு தள்ளு கொடுத்துவிட்டுப் போனாள்.

"எங்க... போறோம்?" என்றார் தோகுஜி.

"சொர்க்கத்துக்கு. பேசாம வாங்க."

குறைவாகப் பெருக்கும் வில்லையைப் போட்டு, சின்னக் குழாயில் குறி பார்த்தாள். பிறை கோட்டுக்கு வந்தது. பெரிய குழாயில் கண்ணை வைத்ததும் வெளிச்சம் பளீரென்று அறைந்தது. தான் முழுசாகப் பார்க்காமல் நகர்ந்து, அப்பாவின் தலையை ஒரு கையால் தாங்கித் துளையருகே கொண்டுவந்தாள்.

"தெரியுதா?"

"இருட்டு."

அவர் மூச்சு பட்டு வில்லை மங்கியிருந்தது. துடைத்தாள். அதற்குள் நிலா ஓரத்துக்கு ஓடிவிட்டது. மறுபடி பிடித்தாள். அப்பாவின் தலை கனத்தது. தோள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியது.

"இப்ப?"

"இருட்டு."

"கண்ணத் தெறந்து பாருங்கப்பா! மூடிட்டு இருட்டு இருட்டுன்னா?"

கத்திவிட்ட பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது. நிலா மலையை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு தடவை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு குழாயை நகர்த்திவிட்டு, அப்பாவின் நெற்றியைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

தோகுஜி அசையாமல் இருந்தார். அவருடைய இடது கை உயர்ந்து, குழாயைத் தொட்டு, அங்கேயே நின்றது.

"ஒடஞ்சிருக்கு" என்றார்.

"என்னது?"

"ஓரம். ஓரமெல்லாம்... பொத்தல்."

தெரிந்துவிட்டது. மினேகோ மூச்சுவிட்டாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நிலா வில்லையை விட்டு நழுவும் வரை பார்த்திருப்பார் போலும். பிறகு தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"நீ பாரு. கேட்டது... நீதானே."

"நான் என்ன கேட்டேன்?"

"இது." குழாயைத் தட்டினார். "சின்னப்புள்ளையா இருக்கச்ச. பொட்டப் புள்ளைக்கு எதுக்குன்னு... சொல்லிட்டேன்."

"கேட்டது நோரியாகிப்பா. அவந்தான் அழுதானாம்."

"அவன் என்னைக்கு... அழுதான்? அழுதது நீ. அவன் மடியில... கெடந்தான். கைக்கொழந்த."

மினேகோ யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எந்தக் கடையில் தொலைநோக்கியைப் பார்த்தாள் என்பதும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அப்பா சில நாள் அவளையே செத்துப்போன அத்தை என்று நினைத்துக் கூப்பிடுகிறவர். இதுவும் அப்படி ஏதாவதாக இருக்கலாம். ஆனால் நோரியாகிக்கும் அவளுக்கும் எட்டு வயசு வித்தியாசம் என்பது சரிதான். அவள் அழுததை அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன், தான் அழுததாக நினைத்துக்கொண்டிருக்கலாம். கோபப்பட வேண்டிய விஷயம்தான். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே.

"நேரமாச்சு. பாரு" என்றார் தோகுஜி.

குனிந்து பார்த்தாள். பிறையின் உள்விளிம்பு வழவழப்பாக இல்லை. அரித்த பாத்திரத்தின் அடி போலப் பள்ளம் பள்ளமாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் மை. வெளிச்சம் படாத மிச்ச வட்டம்கூடச் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது. எல்லாம் மெல்ல, மிக மெல்ல, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தது. பூமி சுற்றுவதால் அப்படி என்று பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது. விரலால் குழாயைக் கொஞ்சம் தள்ளினாள், நிலா நடுவுக்கு வந்தது. மறுபடி தள்ளினாள். இடுப்பு வலித்தது, ஆனால் நிமிரத் தோன்றவில்லை. கடைசியில் மலையின் மரங்கள் தலைகீழாக வந்து நிலாவை விழுங்கின.

"கஞ்சி தீயுது" என்றார் அப்பா.

தீய்ந்துதான் போயிருந்தது. அடிப்பிடித்ததை விட்டுவிட்டு மேலாக எடுத்து, ஊறுகாய்ப் புளிப்பழம் நசுக்கிப் போட்டு இருவரும் சாப்பிட்டார்கள்.

நோரியாகி கூப்பிட்டபோது அவள் சுற்றி வளைக்கவில்லை.

"அப்பா பாத்தாரு. இந்தத் தடவை நெஜம். நானும் பாத்தேன்."

"பாத்தியா! நான் சொன்னேன்ல!"

"நோரி, எனக்கு ஒண்ணு வேணும்."

"சொல்லுக்கா. இன்னும் நல்ல வில்லை இருக்கு, சனி கிரகமே தெரியும், அனுப்பட்டா?"

"வில்லை வேண்டாம். நீ வேணும். புது வருஷத்துக்கு வா. தலையக் காட்டிட்டு ஓடறதுக்கில்ல, ஒரு வாரம் இரு. நான் தூங்கணும்டா. என்னால முடியல."

முடியல என்ற சொல்லை அவள் இதற்கு முன் அவனிடம் சொன்னதேயில்லை. அவன் வேலை என்றான், பிள்ளையின் பரீட்சை என்றான். மினேகோ தொலைபேசியை வைக்கவில்லை. அவனுக்குச் சாக்குத் தீர்ந்துபோயிற்று.

"வர்றேன்" என்றான்.

ஒரு வாரம் இருக்கவில்லை; நாலு நாள் இருந்தான். முதல் காலையில் அப்பா படுக்கையை நனைத்துவிட்டார். "அக்கா! அக்கா, இங்க வாயேன்!" என்ற கூப்பாடு மினேகோவுக்குக் கேட்டது. எழுந்துகொள்ள வேண்டும் என்று உடம்பு பழக்கத்தில் துள்ளியது. அவள் அதை அடக்கிப் போர்வையை இழுத்துக்கொண்டாள். சுவருக்கு அப்பால் நோரியாகி, "இப்ப நான் என்ன பண்றதுப்பா?" என்று கேட்பதும், நெடுநேரம் கழித்து அப்பா, "துணி... மாத்து, மடையா" என்று சொல்வதும் கேட்டன. பிறகு எதுவும் கேட்கவில்லை. விழித்தபோது உச்சி வெயில் காகிதக் கதவில் விழுந்திருந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்றே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

புறப்படும் அன்று நோரியாகியின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து காலணி மாட்டினான். தொலைநோக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"தினமும் இப்படித்தானாக்கா?"

"சில நாள் இதைவிட மோசம்."

அவன் எழுந்து நின்றான். பிறகு, "அடுத்த மாசக் கடைசியில வரட்டுமா?" என்றான்.

"வா" என்றாள் மினேகோ. "வர்றப்ப ரப்பர் கையுறை வாங்கிட்டு வா. பெரிய அளவு. என்னோடது உனக்குப் பத்தல."