குப்பைக்கூடையில் இருந்தது நான்தான்

இடம் நிறைந்துவிட்டது என்று போன் புலம்ப ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். காலையில் கண்ணைத் திறந்தால் அந்தச் சிவப்புக் கோடு. டூட்டி முடிந்து வெளியே வந்தால் மறுபடியும் அதே சிவப்புக் கோடு. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. குவைத்துக்கு வந்த பிறகு எது நிறைந்தாலும் எது குறைந்தாலும் விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் பழகிவிட்டேன். இல்லாவிட்டால் இங்கே ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது.

தப்பு எங்கள் வீட்டு ஏற்பாட்டில்தான் இருந்தது. நர்ஸ் வேலைக்கு முதன்முதலில் மனுப் போட்டபோது கேரளத்தில் எங்கள் ஊர் கோழஞ்சேரியில் ஒரு கடைக்காரன் எனக்கு ஈமெயில் கணக்கு தொடங்கிக் கொடுத்தான். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்குப் போன் வாங்கினாலும் அதே கணக்கைத்தான் போட்டோம். வீட்டுக்காரர் ஸாபுவின் போனில் என் கணக்கு. மகள் அலீனாவின் போனில் என் கணக்கு. சின்னவன் எபின் கேம் விளையாடும் பழைய டேப்லெட்டிலும் என் கணக்கு. எங்கள் பக்கத்து கல்ஃப் வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். யாரும் யாருக்கும் படம் அனுப்ப வேண்டியதில்லை, அங்கே எடுத்தது இங்கே தெரியும், இங்கே எடுத்தது அங்கே தெரியும். ஒரே கூரையின் கீழ் இருக்கிற மாதிரி ஒரு பாவனை.

ஸாபு அதிகம் பேசுகிற ஆளில்லை. போனில் கூப்பிட்டால் ‘ம்’, ‘ஆ’, ‘வெச்சிடவா’ என்பதோடு சரி. பேச வேண்டியதையெல்லாம் படமாக எடுத்துவிடுவார். கழற்றிப்போட்ட கிணற்று மோட்டார், கொடியில் காயும் ரப்பர் ஷீட், மரத்தில் தொங்கும் பலாக்காய், கரண்ட் பில், பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டு. ஒவ்வொன்றையும் நாலு தடவை எடுப்பார். அதில் ஒன்று கை ஆடியிருக்கும், ஒன்றில் அவருடைய விரல் பாதியை மறைத்திருக்கும். ஒன்றையும் அழிக்க மாட்டார்.

நானும் ஒன்றும் சளைத்தவளில்லை. டூட்டிக்குக் கிளம்பும்போது இங்கே அப்பாசியாவில் நான் தங்கியிருக்கும் ஃப்ளாட்டின் கதவுப் பக்கச் சுவரோடு நின்று யூனிபார்மில் ஒரு படம் எடுத்துவிடுவேன். அலீனா சின்னவளாக இருந்தபோது, இன்றைக்கு அம்மா என்ன கலர் என்று கேட்டு அழுவாள். அதற்காக ஆரம்பித்தது. அவள் கேட்பதை நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன, நான் எடுப்பதை நிறுத்தவில்லை.

அன்று காலை ஆஸ்பத்திரி பஸ்ஸில் உட்கார்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தபோது கொச்சி ஏஜென்சியிலிருந்து நீத்து கூப்பிட்டாள். அயர்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நான் இன்டர்வ்யூ கொடுத்திருந்தேன். அங்கே போனால் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இங்கே என் சம்பளத்துக்கு அது நடக்காது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இந்த வயதில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இங்கிலீஷ் பரீட்சை வரைக்கும் எழுதினேன்.

“ஷேர்லி சிஸ்டரே, உங்க மெயில் பெட்டி நிரம்பிக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்காரங்க அனுப்பினது ரெண்டு தடவை திரும்பிப் போயிருக்கு. இன்னைக்கு அவங்க ஆபீஸ் மூடறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை அனுப்பறாங்களாம். அதுவும் திரும்பினா ஃபைலை மூடிடுவாங்க.”

“செலக்ட் ஆயிடுச்சா?”

“அது எனக்குத் தெரியாது சிஸ்டர், நேரா உங்களுக்குத்தான் வரும். ஆனா வேண்டாம்னு சொல்றதுக்கு யாராவது மூணு தடவை மெயில் அனுப்புவாங்களா?”

அவள் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. உடனே ஸாபுவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லிவிட்டு, “இச்சாயா, படமும் மெயிலும் ஒரே இடத்துலதான் சேருது. சாயங்காலத்துக்குள்ள படத்தையெல்லாம் அழிச்சாகணும். நான் வார்டுக்குள்ள போயிட்டா போன் லாக்கர்ல கிடக்கும். நீங்கதான் செய்யணும்” என்றேன்.

“எதை அழிக்க?”

“தேவையில்லாததை.”

“ம்” என்றார்.

பஸ்ஸிலேயே கூடுதல் இடம் வாங்கவும் முயன்று பார்த்தேன். கார்டுக்கு வர வேண்டிய ஓடிபி, ஸாபு தோட்டத்தில் தொலைத்த பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் எல்லாம் இந்த லட்சணம்தான்.

டூட்டி முடிந்து ஃப்ளாட்டுக்கு வந்து பார்த்தால் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தேன். என்னோடு தங்கியிருக்கும் சூசம்மா சேச்சி சமையலறையில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்து ரான்னிக்காரர். நான் வந்த காலத்திலிருந்து எனக்குத் திட்டும் துணையும் அவர்தான்.

“இச்சாயன் காலைல இருந்து அழிச்சாராம் சேச்சி. ஆனா ஒண்ணும் குறையலையே.”

“அழிச்சா போயிடுமாடி? குப்பைக்கூடைல கிடக்கும். அதையும் கொட்டினாத்தான் இடம் காலியாகும். கொட்டறதுக்கு முன்னாடி உள்ள ஒரு பார்வை பார்த்துடு. கூடைல இருக்கறவரைக்கும் திரும்ப எடுத்துக்கலாம், கொட்டிட்டா கர்த்தர் வந்தாலும் எடுக்க முடியாது. எங்க ஆளு ஒரு தடவை நிலப் பத்திரத்துப் படத்தையே கொட்டிட்டு முழிச்சாரு.”

பலாக்காயும் மோட்டாரும்தான் கிடக்கும் என்று நினைத்துத் திறந்தேன். மேலே நான். அதற்குக் கீழே நான். விரலால் தள்ளத் தள்ள நானேதான் வந்துகொண்டிருந்தேன். பச்சை யூனிபார்ம், நீலம், மறுபடி பச்சை. இங்கே விடுமுறையான வெள்ளிக்கிழமையில் சர்ச்சுக்குக் கட்டிய சேலை. புழுதிக்காற்று நாளில் முகமூடியோடு நான். சேச்சி எனக்குப் பிறந்தநாள் கேக் வெட்டிய படம். தள்ளிக்கொண்டே போனால் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்து, முடி கறுத்து, கடைசியில் வந்து இறங்கிய வாரத்தில் பயந்துபோய்ச் சிரிக்கிற ஒரு பெண் நின்றாள்.

கூடையை விட்டு வெளியே வந்து மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பிள்ளைகள் இருந்தார்கள். மோட்டார் இருந்தது, பலாக்காய் இருந்தது, கரண்ட் பில்கூட இருந்தது. நான் லீவில் போன மாதங்களில் மட்டும் அங்கங்கே இருந்தேன், எபினின் ஞானஸ்நானத்தில், ஓணச் சாப்பாட்டில். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை விருந்துக்கு வந்து போன சொந்தக்காரி போல இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் ஸாபுவைக் கூப்பிட்டேன்.

“இச்சாயா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

“ஏன், இன்னும் காலியாகலையா?”

“மோட்டார் படத்தை வெச்சுக்கிட்டு என்னை எடுத்துப் போட்டிருக்கீங்க.”

“எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு. அதே செவுரு, அதே சிரிப்பு” என்றார்.

“பலாக்காய் மட்டும் என்ன, ஒவ்வொரு வருஷமும் வேற மாதிரியா காய்க்குது?”

“எடீ, நான் காலைல இருந்து சாப்பிடாம உட்கார்ந்து பார்த்தேன். வேற எதையும் எடுக்க மனசு வரல. உனக்கு வேணும்னா அதைத் திரும்ப எடுத்துக்கோ, வேற எதையாவது நீயே பார்த்து அழி.”

“அழிக்கறேன்” என்று சொல்லி வைத்தேன்.

வீம்பாகத்தான் ஆரம்பித்தேன். முதலில் அந்தச் சாப்பாட்டுத் தட்டுகளைத் தீர்த்துக்கட்டுவது என்று முடிவு. ஒரு தட்டில் கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும், ஓரத்தில் எபினின் குட்டிக் கை, மீனை நோக்கி நீண்டுகொண்டிருந்தது. அந்த வயதுக் கையை நான் பிடித்ததே இல்லை. அதை விட்டுவிட்டேன். அடுத்த தட்டுக்குப் பின்னால் அலீனா, முன்பல் இரண்டும் இல்லை. அதையும் விட்டேன். ரப்பர் ஷீட்டுக்குப் போனால் அதற்கு நடுவே இரண்டு பேரும் ஒளிந்து விளையாடுகிறார்கள். மோட்டார் பக்கத்தில் ஈர டிராயரோடு எபின். அந்த மனுஷர் எடுத்த ஒவ்வொரு உருப்படாத படத்திலும் ஏதோ ஒரு மூலையில் என் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். கரண்ட் பில்லை மட்டும் அழித்தேன். அதில் எவ்வளவு இடம் காலியாகிவிடப் போகிறது?

“நேரமாகுதுடி” என்றார் சேச்சி. “அயர்லாந்துல ஆபீஸ் மூடப் போறான்.”

படங்களை வேறெங்காவது இறக்கி வைக்கலாம் என்றால் எங்கள் ஃப்ளாட்டு வைஃபைக்கு அது விடிய விடிய வேலை. நான் கூடைக்குத் திரும்பினேன். எல்லாவற்றையும் நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவரை என்ன வாய் பேசினேன், இப்போது நானே அழுத்தினேன். ஒரு வட்டம் சுழன்றது. கூடை காலி என்றது. சிவப்புக் கோடு நீலமாகி, பாதிக்கும் கீழே இறங்கியது. இத்தனை வருஷமும் நான்தான் இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தேனா என்று ஒரு கசப்பு வந்தது. நீத்துவுக்கு, அனுப்பச் சொல்லு என்று தகவல் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக் கிடந்தேன்.

அலீனா கூப்பிட்டாள். இந்த வருஷம் பத்தாவது. என்னோடு பேசுவதென்றால் அவளுக்கு எப்போதும் ஏதோ டியூஷன் இருக்கும்.

“அம்மா, அப்பாவைத் திட்டினியா? முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருக்காரு.”

“அவரு பண்ணின வேலைக்குக் கொஞ்சுவாங்களா?”

“நானும்தான் கூட இருந்து அழிச்சேன். என்னையும் திட்டு.” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அம்மா, நானும் எபினும் சின்னப் புள்ளையா இருந்ததை நீ இனிமே பார்க்கவே முடியாது இல்ல? அதனால அதுல ஒண்ணுகூடத் தொடக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. உன்னோடது அப்படியா? இன்னும் கொஞ்ச நாள்ல எல்லாரும் ஒரே வீட்டுல இருக்கப்போறோம். தினம் காலைல நீ என்ன கலர்னு நேர்லயே பார்த்துக்கலாம், அப்புறம் படம் எதுக்குன்னாரு.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். “அப்பாவா சொன்னாரு?”

“அப்பாதான். இன்னொரு விஷயம், சொன்னேன்னு சொல்லாத. பழைய சூட்கேஸை எறக்கித் தொடைச்சு வெச்சிருக்காரு. அங்க குளிருமேன்னு எபினுக்கு ஸ்வெட்டர் விசாரிச்சுட்டு வந்தாரு.”

இத்தனை வருஷம் ‘ம்’ போட்டுக்கொண்டே இருந்த மனுஷர். அவரைக் கூப்பிடச் சொல்ல வேண்டும், சாப்பிடச் சொல்ல வேண்டும், திட்டினதை மறக்கச் சொல்ல வேண்டும் என்று வரிசையாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே போன் ஒரு தடவை அதிர்ந்தது. மேலே மெயில் வந்து நின்றது. இந்தத் தடவை திரும்பிப் போகவில்லை.

படித்தேன். நல்ல மரியாதையான இங்கிலீஷ். என் அனுபவத்தைப் பாராட்டியிருந்தார்கள். இந்த முறை இடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டனவாம், அடுத்து வாய்ப்பு வந்தால் என் பெயரையும் பார்ப்பார்களாம், தகவல் எனக்குக் கட்டாயம் சேர வேண்டும் என்பதற்காகத்தான் மறுபடி மறுபடி அனுப்பினார்களாம்.

“அம்மா, இருக்கியா? மெயில் வந்துடுச்சா?”

“மோளே, அப்பாகிட்ட போனைக் குடு.”

வாசல் வரைக்கும் அவள் ஓடுகிற சத்தம் கேட்டது. ஸாபு வாங்கி, “ஆ” என்றார். அந்த ‘ஆ’வில் கோபம் இல்லை, காத்திருந்த மாதிரி இருந்தது.

“இச்சாயா, இந்தத் தடவை இல்லையாம். இடம் நிரம்பிடுச்சாம்.”

‘வெச்சிடவா’ என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்குள் எபினின் டேப்லெட்டில் கேம் சத்தம் கேட்டது. நான் இன்னொரு தடவை சொல்ல வேண்டுமோ என்று நினைத்தபோது அவர் தொண்டையைச் செருமினார்.

“ஷேர்லி, அந்தக் கூடைல இருந்து உன் படத்தையெல்லாம் திரும்ப எடுத்துடு. அலீனா சொன்னா, எடுக்கலாமாம். நான் வேற ஏதாவது பார்த்து அழிச்சுக்கறேன்.”

“கொட்டிட்டேன் இச்சாயா.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

மறுமுனையில் அவர் மூச்சை இழுப்பது கேட்டது. பிறகு அவர் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்க முடியவில்லை, கேட்க மட்டும்தான் முடிந்தது.