சொர்ணலதா வாசித்த கடிதம்

கூடலூரிலிருந்து விடியற்காலை ஜீப்பில் மலையேறி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிற பெண்களில் சொர்ணலதாவும் ஒருத்தி. அவள் கணவன் அய்யாத்துரை திராட்சைப் பந்தலில் கொடி கட்டுகிறவன். நான்கு வருடமாக அவனுக்கு ரத்தப் புற்றுநோய். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைத்த மாத்திரையில் காலம் ஓடியது. இந்தச் சித்திரையில் அந்த மாத்திரைக்கு நோய் கட்டுப்படாமல் போய்விட்டது.

மதுரை டாக்டர் புது மாத்திரை எழுதினார். ஒரு மாதத்து மாத்திரைக்கு இருவருடைய ஆறு மாதக் கூலி வேண்டும்.

"இல்லாதவங்களுக்குக் கம்பெனியே இலவசமாக் கொடுக்குற திட்டம் இருக்கும்மா. வருமானச் சான்றிதழ் சரியா இருக்கணும்" என்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு மாதத்துக்கான மாத்திரையைத் தன்னிடமிருந்தே கொடுத்தனுப்பினார்.

"நமக்கெல்லாம் குடுப்பாகளா?" என்றான் அய்யாத்துரை.

"கேட்டாத்தான தெரியும்."

கிராம நிர்வாக அலுவலர், "சம்பளம் கேரளாவுல வாங்குற. அங்கன எழுதி வாங்கிட்டு வா" என்றார்.

தோட்டத்து சூப்பர்வைசர் கிங்ஸ்லி உடனே எழுதிக் கொடுத்தார், மலையாளத்தில். அவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. சொர்ணலதாவுக்கு மலையாளமும் அப்படித்தான், பேச வரும், படிக்க வராது. "சார், ஒருக்கா படிச்சுச் சொல்லுங்க" என்றாள். பிறகு இன்னொரு முறை கேட்டாள். மூன்றாவது முறை அவரே சிரித்துவிட்டார். ஜீப் மலையிறங்கும் வழியெல்லாம் அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது. பக்கத்திலிருந்தவர்கள் சாமிக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தாலுகா ஆபீஸில் துணைத் தாசில்தார் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "மலையாளத்துல இருக்கேம்மா. இதை நான் எப்படிப் படிக்க?"

"நான் வாசிக்கிறேன் சார்."

கடிதத்தை வாங்கி, விரலை வைத்து, மலையாளத்தில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி, தமிழிலும் சொன்னாள். தாசில்தாருக்குச் சந்தேகம். குமுளிப் பள்ளியில் மலையாளம் படித்த டைப்பிஸ்ட் ரஃபியாவைக் கூப்பிட்டார். ரஃபியா அவள் தோளுக்குப் பின்னால் நின்று கடைசிவரை கேட்டாள்.

"விரல் ரெண்டு வரி தள்ளிப் போகுது சார். ஆனா வார்த்தை ஒண்ணும் மாறல."

"எழுத்து தெரியாதா?" என்று தாசில்தார் கேட்டார்.

"தெரியாது சார். மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். இதுக்குன்னு இன்னொரு தடவ லீவு போட்டா கூலி போயிரும்."

"ஓணத்துக்குக் குடுத்த போனஸையும் விடாமச் சொல்லிட்டாக சார்" என்றாள் ரஃபியா.

"அதைச் சொன்னா வருமானம் கூடிருமே, ஏம்மா விடல?"

"அவரு எழுதியிருக்காரே சார்."

தாசில்தார் கடிதத்தைத் தமிழில் எழுதித் தரச்சொல்லி ரஃபியாவிடம் கொடுத்தார். அந்த வாரமே சான்றிதழ் கிடைத்தது. கையிலிருந்த மாத்திரை தீர நான்கு நாள் இருக்கையில் இலவச மாத்திரை வந்துவிட்டது என்று மதுரையிலிருந்து போன் வந்தது.

ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. அய்யாத்துரை மதியம்வரை பந்தலுக்குப் போக ஆரம்பித்தான்.

வருடம் தவறாமல் எல்லாக் காகிதத்தையும் மறுபடி கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவன் முகம் வாடியது.

"குடுப்போம்" என்றாள் சொர்ணலதா. "எங்கன போகணும்னு இப்ப தெரியும்ல."