எண்ணாமல் திருகியது

இடது கால் ஷூவைப் போட்டாயிற்று. வலது கால் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு தையல்காரி மூன்றாவது தடவையாகப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு டப்பா பாலிஷில் முக்கால் டப்பா அந்த ஒரு ஷூவின் முனைக்கே போய்விட்டது. அப்படியும் அது கறுக்கவில்லை. தோல் உரிந்து, உள்ளே இருந்த துணி பல்லைக் காட்டியது.

"அறுபத்தோரு வயசு," என்றாள். "ஸ்கூல் பையன் மாதிரி தெருவுல கிடக்கிற கல்லையெல்லாம் உதைச்சுக்கிட்டே வந்திருக்காரு."

"வண்டி நாலு மணிக்கு வந்துடும்க்கா," என்றான் அவள் தம்பி. "ஷூவெல்லாம் அவசியமா? யார் பாக்கப் போறா?"

"மேடைக்கு இந்த ஷூ இல்லாம ஒரு நாள் போனதில்ல மனுஷன். ஒரு கால்ல போட்டு ஒரு கால்ல இல்லாம அனுப்பச் சொல்றியா? உன் வேலையைப் பாரு."

தம்பி தன் வேலையைப் பார்க்க மாடிப்படிக்குப் போனான். இரண்டு நாளாக அவளிடம் பேசிய எல்லாரும் இப்படித்தான் வாசலைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆறுதல் சொல்ல வந்த எதிர்வீட்டு அம்மாள் வாங்கிக் கட்டிக்கொண்டதில், இனி ஏழு தலைமுறைக்கு யாருக்கும் ஆறுதல் சொல்ல மாட்டாள்.

கூடத்துக் கட்டிலில் அவள் புருஷன் கறுப்புக் கோட்டோடு படுத்திருந்தார். முப்பத்தைந்து வருடம் கல்யாண வரவேற்புகளில் டிரம் வாசித்தவர். முந்தாநாள் காலை இரண்டாம் மாடித் திருப்பத்தில் விழுந்து, தலை சுவரில் மோதி, அங்கேயே முடிந்துபோனார். வழுக்கிவிட்டது என்றார்கள். அவளும் ஆமாம் என்றாள்.

எதற்காகக் கீழே போனார் என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணெய் வாங்கப் போனார். தையல் மெஷினுக்கு அவள் விடுகிற எண்ணெயைத்தான் அவர் தன் டிரம் பெடலுக்கும் விடுவார். அன்று காலை பாட்டிலில் கை வைத்தவரிடம், "என் எண்ணெயைத் தொட்டீங்கன்னா பாருங்க. அவ்ளோ காசைக் கொட்டி வாங்கினீங்கல்ல, அதுக்கு எண்ணெயும் நீங்களே வாங்கி ஊத்துங்க," என்றாள். சரி என்று போனார். வாங்கிக்கொண்டு ஏறி வரும்போதுதான் விழுந்தார். சட்டைப்பையில் இருந்த பாட்டில் உடையவில்லை. இப்போது அது மெஷின்மேல், அவளுடைய பாட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எரிச்சலை யார்மேல் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை, கிடைத்தவர்மேல் கொட்டினாள்.

அந்தப் பெடல் வீட்டுக்கு வந்து எட்டு மாதம். பெரிய டிரம்மைக் காலால் அடிக்கிற கருவி அது. பலகையை மிதித்தால் சின்னச் சுத்தி ஒன்று போய் டிரம்மில் விழும்; விட்டால் ஸ்பிரிங் இழுத்துத் திரும்ப வரும். அவ்வளவுதான் சமாசாரம். பத்து வருடமாக அவள் மிதிமெஷினுக்கு ஒரு மோட்டார் கேட்டுக்கொண்டிருந்தாள். "அடுத்த சீசன்ல பாக்கலாம்," என்பார். சீசன்கள் வந்து வந்து போயின. கடைசியில் ஒரு நாள், தூங்குகிற குழந்தையைத் தூக்கி வருகிறவர்போல ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தார். உள்ளே இது. அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள், பிறகு பேசியதெல்லாம் திட்டுவதற்குத்தான்.

மூன்று மணிக்கு மூன்று டிரம்மர்கள் வந்தார்கள். முதலில் தகரம். அவன் வாசித்தால் அடுத்த ஊர் ஜன்னல்கள் அதிரும் என்பதால் அந்தப் பெயர். அடுத்தது கடிகாரம், எழுபது வயது. அவர் தாளத்தை வைத்து ரயில் விடலாம். மூன்றாமவர் வாத்தியக் கடைக்காரர். பெடலை விற்ற புண்ணியவான் அவர்தான்.

மூவரும் கட்டிலுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றார்கள். நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஆறு நிமிடம் மௌனமாக இருந்தார்கள். டிரம்மர்களின் வரலாற்றிலேயே அது சாதனையாக இருக்கும். அதற்குள் தகரத்தின் கண் பக்கத்து அறைக்குப் போய்விட்டது. அங்கே ஒரு பலகையில் பெடலை மாட்டி, எதிரே தலையணை கட்டியிருந்தது. வீட்டில் பழகுவதற்கு அவர் செய்துகொண்ட ஏற்பாடு. முதலில் தகரம் எழுந்து போனான். பின்னாலேயே மற்ற இருவரும் போனார்கள்.

"இதானா அது," என்றான் தகரம், தணிந்த குரலில். அவனுடைய தணிந்த குரல் தெருமுனைவரை கேட்கும். "இந்த விலைக்கு நான் ரெண்டு செட் டிரம்மே வாங்கிடுவேன். மிச்சக் காசுல பாடகரையும் வாங்கலாம்."

"உனக்கு அவ்ளோதான் தெரியும்," என்றார் கடைக்காரர். "மத்ததுல செயின் இருக்கும், இதுல செயினே கிடையாது. நேரா ஒத்தைக் கம்பி. உள்ள இருக்கற பேரிங் ஏரோப்ளேனுக்குப் போடறது."

"அண்ணன் என்ன பறக்கவா போறாரு?"

சொன்ன பிறகுதான் அவனுக்குக் கூடத்தின் ஞாபகம் வந்தது. கொஞ்சம் இருமினான்.

கடிகாரம் சொன்னார்: "என் பெடலுக்கு வயசு முப்பது. ரெண்டு தடவை வெல்டிங் வெச்சாச்சு. டும்முன்னா டும்முதான். கீழ உக்காந்து கேக்கறவன் காதுல விலையா விழுது?"

"பெருசு, உங்க பெடல் போடற கிரீச்சுல பாட்டே வேற சுருதிக்குப் போயிடுது," என்றான் தகரம்.

"அதனாலதான் பாடறவன் கரெக்டா பாடறான்."

"விலைன்னு பாத்தா..." என்று கடைக்காரர் விலையைச் சொன்னார்.

கூடத்தில் பிரஷ் நின்றது. அவரிடமிருந்து அவள் கேட்ட விலை வேறு. கடைக்காரர் சொன்னதில் நாலில் ஒரு பங்கைத்தான் மனுஷன் சொல்லியிருந்தார். அவள் கணக்கில் இந்த விலை ஐந்து மோட்டார். ஐந்து மோட்டார் வைத்து ஒரு மெஷினை என்ன செய்வது? மெஷின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

ஒரு கையில் ஷூவும் ஒரு கையில் பிரஷுமாக அறை வாசற்படியில் போய் நின்றாள்.

"துக்கம் விசாரிக்க வந்தீங்களா, ஏலம் எடுக்க வந்தீங்களா?"

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க," என்றார் கடைக்காரர். "விக்கறதா இருந்தா பாதி விலைக்கு நானே—"

"பொய்யச் சொல்லி வாங்கிட்டு வந்த மனுஷன் அங்க படுத்திருக்காரு. வித்த மனுஷன் இங்க நிக்கறீங்க. நல்லாத்தான் இருக்கு. அப்படி என்னதான் பண்ணும் இது? கால் அமுக்கி விடுமா?"

தகரம் பேச்சை மாற்ற நினைத்தான். பெடல்மேல் காலை வைத்து, "பாருங்கண்ணி, அண்ணன் இதை வாங்கினாரே தவிர செட் பண்ணத் தெரியல," என்றான். "ஸ்பிரிங்க தொளதொளன்னு வெச்சிருக்காரு, ஆடற பல்லு மாதிரி. கடைசிக் கச்சேரியில நான்தான் டைட் பண்ணிக் குடுத்தேன். மறுபடியும் லூஸ் பண்ணி வெச்சிருக்காரு."

கடிகாரம் திரும்பிப் பார்த்தார். "நீ பண்ணினியா? அன்னிக்கா?"

"அவர் வெளிய போன நேரம் நான் ரெண்டு பாட்டு வாசிச்சேன்ல. மிதிச்சா பஞ்சு மாதிரி போகுது. அதான் ஒரு திருகு திருகி—"

"அடுத்தவன் ஸ்க்ரூவுல கை வெச்சியா?"

அவர் அதைக் கேட்ட விதத்தில் கடைக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார். டிரம்மர்கள் ஒருவன் சிகரெட்டை இன்னொருவன் பிடிப்பார்கள், ஒருவன் சட்டையை இன்னொருவன் போடுவார்கள். ஸ்பிரிங் ஸ்க்ரூவை மட்டும் தொடமாட்டார்கள். அது அவனவன் காலின் பலத்துக்கு அவனவன் வைத்துக்கொள்வது.

"நகரு," என்றார் கடிகாரம். செருப்பைக் கழற்றிவிட்டு பெடலில் காலை வைத்தார். அழுத்தக்கூட இல்லை, சுத்தி போய்த் தலையணையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பிறகு காலை எடுத்துவிட்டு, செருப்பைப் போட மறந்து நின்றார்.

"என் பெடல்ல இவ்ளோ லூஸ் வெச்சா சுத்தி போனது போனதுதான், திரும்பி வராது. இது வருது. இதுக்குத்தான் அந்த விலை." கடைக்காரரைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

கடைக்காரர் தரையைப் பார்த்தார். "பதினாலு பெடல் மிதிச்சுப் பாத்தாரு. எது ரொம்ப லேசோ அது வேணும்னாரு. வயசாகுதுன்னு நினைச்சேன்."

"இது ஷோக்குக்கு வாங்கினது இல்ல. கால் வராதவன் வாங்கினது," என்றார் கடிகாரம்.

அன்றைக்கு மேடையில் நடந்ததைக் கடிகாரம் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். நாலு அடியில் இரண்டு அடி விழவில்லை. பாடிக்கொண்டிருந்தவர் திரும்பி முறைத்தார். குழுத் தலைவர் மைக்கில், "நம்ம டிரம்மர் சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டாரு," என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தாராம்.

வீட்டுக்கு வந்தவர், இனிமே வாசிக்கப் போகவில்லை என்று மட்டும் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன்னால். "அப்ப அதை வித்துத் தொலைங்க, மோட்டாராவது வாங்கலாம்," என்றாள் அவள். பாக்கலாம் என்றார். மறுநாளிலிருந்து மதியங்களில் இந்த அறைக்குள் பொத் பொத் என்று சத்தம் கேட்கும். அது கேட்காமல் இருக்க அவள் மெஷினை வேகமாக மிதிப்பாள்.

கையில் இருந்த ஷூவைப் பார்த்தாள். தேய்ந்தது முனை மட்டும்தான். பாதம் தூக்க வராமல், தரையில் இழுபட்டு இழுபட்டுத் தேய்ந்த முனை. எண்ணெய்க்காக அவர் இறங்கி ஏறியது மூன்று மாடி, ஐம்பத்திரண்டு படி.

"விளையாட்டுக்குத்தான் அண்ணி," என்றான் தகரம். அவன் குரல் முதல்முறையாக அறையைத் தாண்டவில்லை. "எனக்குத் தெரியாது."

"யாருக்கும் தெரியாது. கூடவே கிடந்தவளுக்கே தெரியாது. வாயத் திறந்து சொன்னா என்ன, முத்தா உதிர்ந்துடும்?" கடைசிக் கேள்வி கூடத்தைப் பார்த்து. பிறகு தகரத்திடம் திரும்பினாள். "டைட் பண்ணு. அன்னிக்கு வெச்ச மாதிரியே வை."

"எதுக்கண்ணி?"

"வைடா."

அவன் குனிந்து ஸ்க்ரூவைத் திருகினான். திருகிக்கொண்டே இருந்தான். "இவ்ளோ இருக்கும்," என்று எழுந்தான்.

அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெடலில் வலது காலை வைத்தாள். முப்பது வருடம் மெஷின் மிதித்த கால். மிதித்தாள். சுத்தி பாய்ந்து தலையணையில் விழுந்தது. அவளுக்கு அது ஒன்றுமே இல்லை. துணியின் ஓரத்தை மடிப்பதைவிட லேசாக இருந்தது. திரும்பத் திரும்ப மிதித்தாள். இதுதான் அவருக்கு முடியாமல்போனது. கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து தலையணை கீழே சரிந்த பிறகுதான் நிறுத்தினாள்.

"சரி. பழையபடி வை. அவர் வெச்சிருந்த மாதிரி."

தகரம் குனியவில்லை.

"எத்தனை சுத்து திருகினே?"

"எண்ணல அண்ணி."

கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் தலையை மெதுவாக அசைத்தார். "அது அவருக்குத்தாம்மா தெரியும்."

"போங்க," என்றாள். "மூணு பேரும் வெளிய போங்க."

போனார்கள். கடிகாரம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். கீழே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு படியில் தம்பியின் காலடி. அவள் மெஷின்மேலிருந்த புது பாட்டிலை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, பெடலின் மூட்டில் ஒரு சொட்டு விட்டாள். தலையணையை நிமிர்த்திக் கட்டினாள். ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தினாள். ஷூவுக்குள் கையை விட்டு, அதைப் பெடல்மேல் வைத்து அழுத்திப் பார்த்தாள். இல்லை. இன்னும் அரைச் சுற்று.

"அக்கா, வண்டி வந்துடுச்சு. ஆளுங்க மேல வரலாமான்னு கேக்கறாங்க."

"ஒரு ஷூ பாக்கி இருக்கு. இருக்கச் சொல்லு."

இன்னும் அரைச் சுற்று தளர்த்தினாள். கையில் பலமே கொடுக்காமல் ஷூவை வைத்தாள். சுத்தி பாதி தூரம் போய் நின்றது.