பூச்சி என்றுதான் சொன்னாள்

என் நாக்கில் விஷம் என்று பழுகாமத்தில் சொல்லாத ஆள் இல்லை. முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை, அவ்வளவுதான். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருக்கிறவர்களின் தலையில் ஊர் ஏறி உட்காரும் என்று நினைத்திருந்தேன்.

அந்த வாயால்தான் அம்மா என்னை விட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். தாய் தகப்பன் கடைசிவரை மகளோடுதான். அப்படியிருக்க, என் அம்மா சீலைப் பையைத் தூக்கிக்கொண்டு தம்பி சிவதர்ஷனிடம் போனார். அதாவது, அவன் பெண்சாதி வதனியின் வீட்டுக்கு. ஆறு மாதம் இருந்து அங்கேயே கண்ணை மூடினார். மகள் குத்துக்கல்லாட்டம் இருக்க மருமகளிடம் ஏன் போனார் என்று ஊர் கேட்டது. காரணம் எனக்குத் தெரியும். அதற்காகவே வதனியை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது என்று ஆகிவிட்டது.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு ஊரே வந்திருந்தது. அம்மாவுக்குச் சீனி வருத்தம். அவர் கேட்கும்போதெல்லாம் வதனி தேத்தண்ணியில் சீனி போட்டுக் கொடுத்ததாக யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

"சோத்தில நஞ்சு வச்சிருந்தா அம்மா ஒரு நாளில போயிருப்பா. நீ ஆறு மாசம் எடுத்திருக்காய்," என்று பந்திக்கு நடுவில் நின்று அவளிடம் சொன்னேன்.

வதனி கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே போனாள். தம்பியும் அன்றோடு என் வளவுக்குள் கால் வைக்கவில்லை. அப்பா போனபோது அவனுக்கு எட்டு வயது. இடுப்பில் வைத்துத் தூக்காத குறையாக அவனை வளர்த்தவள் நான். இரண்டு வருடம் அவன் குரலைக் கேட்காமல் கிடந்தேன். அதற்கும் அவள்தான் காரணம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

போன மாசியில் பெரும்போக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வட்டைக்குப் போகிற வழியில் எங்களுடையது கடைசி வீடு, தாண்டினால் வயல்தான். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். என் புருஷன் நல்லரத்தினம் ஆட்டோவை வேம்பின் கீழ் விட்டுவிட்டுச் சாப்பிட்டுப் படுத்திருந்தார். கேற் திறக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வதனி ஒரு காலை ஊன்ற முடியாமல் நின்றாள்.

"மச்சி, பூச்சி கடிச்சிட்டு. அவர் வெட்டு மிஷினோட கரடியனாறு போயிட்டார், போன் எடுக்காரில்ல. அண்ணனை ஒருக்கா எழுப்புங்க."

எங்கள் ஆட்கள் பாம்பு கடித்தது என்று வாயால் சொல்லமாட்டார்கள். பெயரைச் சொன்னால் விஷம் ஏறும் என்பார்கள். கடிபட்டவரும் சொல்லக்கூடாது, கூட நிற்பவரும் சொல்லக்கூடாது. பூச்சி என்றுதான் சொல்வது. இது இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அவள் பூச்சி என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது.

விளங்கிக்கொண்டேதான் சொன்னேன். "பூச்சி கடிச்சா சுண்ணாம்பு பூசு கா. அதுக்கு ஆட்டோவா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பெயரை அப்போதும் சொல்லவில்லை. அவர் நித்திரை, எழும்பினால் வருவார் என்று சொல்லிவிட்டு நான் குசினிக்குள் போய்ச் சட்டி கழுவினேன். ஐந்து நிமிடம் நிற்கட்டும், கெஞ்சட்டும் என்பதுதான் என் எண்ணம். சத்தியமாக அதற்கு மேல் நினைக்கவில்லை. ஆனால் அவள் கெஞ்சவில்லை. ஆட்டோவில் சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிடம் பதினைந்து ஆனது. பிறகு எழுப்பப் போனேன். ஏன் இவ்வளவு நேரம் எழுப்பவில்லை என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து, அறை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். இப்படியே முக்கால் மணித்தியாலம் போயிற்று. முதலில் சொன்ன சொல்லையாவது ஆத்திரம் என்று சொல்லித் தப்பலாம். வாசல்வரை போய்த் திரும்பியதற்கு என்னிடம் ஒரு சாட்டும் இல்லை.

அவர் தானாக எழும்பி முகம் கழுவ வந்தபோதுதான் அவளைக் கண்டார். கால் முழங்கால் வரை வீங்கிக் கிடந்தது. பல் முரசில் இரத்தம் கசிந்தது. என்ன கடித்தது என்று கேட்டார். பூச்சி என்றாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் அவளைத் தூக்கி ஏற்றிக்கொண்டு பட்டிருப்புப் பாலத்தால் பறந்தார்.

கடித்தது புடையன். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உயிர் மிஞ்சியது, கிட்னி இரண்டும் மிஞ்சவில்லை. இப்போது கிழமைக்கு இரண்டு தடவை மட்டக்களப்புக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்கிறாள். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் இந்த நிலை வந்திராது என்று டாக்டர் சொன்னாராம்.

அதைத் தம்பி வார்டில் வைத்துத்தான் எனக்குச் சொன்னான். சொல்லிவிட்டு, அவள் எங்கள் வீட்டில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று கேட்டான். நான் வாயைத் திறந்தேன். கட்டிலில் கிடந்த வதனி முந்திக்கொண்டாள்.

"நான் போனவுடனயே அண்ணன் எழும்பிட்டார். வட்டைக்குள்ளதான் நான் சுணங்கிட்டன்."

தம்பி என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு அழுதான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் கை என் கையில் பட்டது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அவன் மருந்து எடுக்கப் போனதும் நான் அவளிடம், தெரிந்துகொண்டுதான் அப்படிச் செய்தேன் என்றும் அதை அவனிடம் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன்.

"உங்களுக்கு விளங்கினது அப்பயே எனக்குத் தெரியும் மச்சி," என்றாள். குரலில் கோபம் இல்லை, அன்பும் இல்லை. "ஆனா சொல்லாதீங்க. நீங்க கதைக்காம இருந்த ரெண்டு வருஷமும் அவருக்குச் சரியான நித்திரை இல்ல. நான் எவ்வளவு காலத்துக்கு இருப்பனோ தெரியா. நான் போனா மறுகா அவருக்கு ஆர் இருக்கா?"

தம்பி இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருகிறான். நான் ஆக்கிக் கொடுப்பதைச் சாப்பிடுகிறான். போன கிழமையும் கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீங்களும் அத்தானும் இல்லாட்டி அவ அண்டைக்கே போயிருப்பா அக்கா," என்றான்.

"ஓம் தம்பி," என்றேன்.